எழுதித் தந்தால் ஏணி!

ஆம்பூரில் பொழுது விடிகிறது. சுற்றுப்பட்டுச் சிற்றூர்களிலிருந்து ஷூ கம்பெனிப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. சோற்றுத் தூக்கோடு இறங்குகிறார்கள் நம் தாய்மார்கள், தங்கைகள், தோழர்கள். வெட்டுகிறது ஒரு கை. தைக்கிறது ஒரு கை. ஒட்டுகிறது ஒரு கை. பளபளப்பேற்றிப் பெட்டியில் அடுக்குகிறது இன்னொரு கை. அந்தப் பெட்டி கப்பலேறிக் கடல் தாண்டி, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடைத்தட்டில் போய் உட்கார்ந்து கொள்கிறது.

ஷூ கடல் தாண்டுகிறது. அதைத் தைத்தவள் பெற்ற பிள்ளை?

இந்தக் கேள்வியைக் கிளப்பியவர், ஆம்பூரில் லாஸ்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு தோழர். மாலையில் படிப்பகத்துக்கு வந்தவர், மடித்து வைத்திருந்த வண்ணத்தாள் ஒன்றை விரித்தார். "ரெண்டு வருஷம் இங்கே, ரெண்டு வருஷம் அமெரிக்காவிலே, முடிச்சா அமெரிக்கப் பட்டமாம். நம்ம பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். இது நம்ம பசங்களுக்கும் உண்டா, தம்பி?" என்று கேட்டார்.

"உண்டு" என்று முதுகைத் தட்டி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை. "இல்லை" என்று சொல்லி அவர் நெஞ்சைச் சுடவும் மனம் வரவில்லை. ஆகவே, தோழர்களே, விவரத்தைப் பேசுவோம்.

இந்த 'இரண்டும் இரண்டும் நான்கு' திட்டம் எங்கே பிறந்தது? அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், 1901 ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் உள்ளூரிலேயே முதல் இரண்டாண்டைப் படிக்கட்டும். பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டில் சேரட்டும் என்று தொடங்கினார்கள். சமுதாயக் கல்லூரி என்று அது நாடெங்கும் பரவிற்று. 1960 இல் கலிபோர்னியா மாநிலம் அதற்கொரு பெருந்திட்டமே தீட்டிற்று. இன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த மதிப்பெண்ணோடு சமுதாயக் கல்லூரியில் முடித்தவர்க்கு இடம் உறுதி என்று முன்கூட்டியே வாக்குறுதி தருகின்றன. அயல்நாட்டு மாணவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. மளிகைக்கடைக்காரன் மகனும், பேருந்து ஓட்டுநர் மகளும் ஏறட்டும் என்று போட்ட ஏணி அது!

ஏணி நல்லதுதான். ஏறியவர் எத்தனை பேர்? அதையும் கேட்க வேண்டும் அல்லவா! அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் நுழைகிறவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் பட்டம் வாங்கும் ஆசையோடுதான் நுழைகிறார்கள். 2024 இல் வெளிவந்த ஆய்வுக் கணக்கின்படி, ஆறாண்டுக்குள் பட்டம் பெறுகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர்தாம். கல்லூரி மாறும்போது, படித்த பாடத்தின் கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காடு கணக்கில் சேராமல் காற்றில் போகின்றன என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2017 இல் அறிவித்தது. படித்த படிப்பு, கட்டிய பணம், கழிந்த காலம் — பாதி வீண்!

ஏன் வீணாகிறது? இதை நமக்கு விளக்கப் பேராசிரியர் வேண்டியதில்லை. ஆம்பூர்த் தோழரே விளக்குவார். வெளிநாட்டுக்காரன் ஷூ வாங்குகிறான். முதல் தோலை வெட்டுமுன் என்ன செய்கிறான்? இன்ன தோல், இன்ன நிறம், இன்ன அளவு, இன்ன தையல் என்று எழுதித் தருகிறான். சாம்பிள் செய்து காட்டினால் ஒப்புதல் போடுகிறான். அதன் பிறகுதான் மேசையில் கத்தி பாய்கிறது. எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் பத்தாயிரம் ஜோடி தைத்து அனுப்புகிற முதலாளி எவனாவது உண்டா? இல்லை! ஆனால் பிள்ளையின் இரண்டாண்டுப் படிப்பை மட்டும், "அங்கே பார்த்துக் கொள்வார்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பி அனுப்பச் சொல்கிறார்கள். ஷூவுக்கு உள்ள பத்திரம் பிள்ளைக்கு வேண்டாமா?

எழுதித் தந்தால் அது ஏணி. எழுதித் தராவிட்டால் அது விளம்பரம். இதுதான் இதிலுள்ள சூட்சுமம்.

வேலூரிலேயே வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், இரண்டாண்டு இங்கே, மீதி இரண்டாண்டு ஒப்பந்தம் செய்துகொண்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் என்ற மாற்றுச் சேர்க்கைத் திட்டம் உண்டு. எழுத்தில் உள்ள ஒப்பந்தம். குறை சொல்ல மாட்டோம். ஆனால் இங்கே கட்டணம், அங்கே கட்டணம், விமானச் செலவு, உணவு, உறைவிடம் — இத்தனையும் கட்ட வல்லவன் வீட்டு வாசலில்தான் அந்த ஏணி நிற்கிறது. தில்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் ஒரு விதி வகுத்தது. வெளிநாட்டோடு சேர்ந்து படிப்பு நடத்த விரும்பும் இந்தியக் கல்வி நிறுவனம், தரமதிப்பீட்டில் 3.01 புள்ளியாவது பெற்றிருக்க வேண்டும். அல்லது நாட்டின் முதல் நூறு பல்கலைக்கழகங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லது சீர்மிகு நிறுவனம் என்ற பட்டம் வாங்கியிருக்க வேண்டும். உயர்ந்தவன் உயர்ந்தவனோடு கைகுலுக்கலாம்! தோல் பதனிடுபவன் மகன் படிக்கும் பாலிடெக்னிக் எந்த வரிசையில் நிற்பது?

மலேசியாவைப் பாருங்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழனின் பேரப்பிள்ளைகளும் வாழும் நாடு. 1980 இல் இங்கிலாந்து அயல்நாட்டு மாணவர் கட்டணத்தை முழுச்செலவுக்கு உயர்த்தியது. அங்குள்ள தனியார் கல்லூரிகள் என்ன செய்தன? முதலாண்டுகளை உள்ளூரில் நடத்தி, கடைசி ஆண்டுகளுக்கு மட்டும் கடல் தாண்ட அனுப்பும் இரட்டைத் திட்டத்தை வளர்த்தன. 1996 இல் தனியார் உயர்கல்விக்கென்று சட்டம் வந்த பின், வெளிநாட்டுப் பட்டத்தின் எல்லா ஆண்டுகளையும் உள்ளூரிலேயே முடிக்கும் முறையும் ஏற்பட்டது. அங்கேயும் பணம் இருந்தவர்தாம் முதலில் ஏறினார்கள். ஆனால் ஏணியின் நீளத்தைக் குறைக்கலாம் என்பதை அந்நாடு காட்டிற்று.

சரி, நமக்கென்று ஏணியே இல்லையா? இருக்கிறது, தோழர்களே! நம் காலடியிலேயே கிடக்கிறது. நாம்தான் நிமிர்த்தி வைக்கவில்லை.

வேலூரில் தந்தை பெரியார் பெயரில் அரசுப் பாலிடெக்னிக் ஒன்று. அதே ஊரில் தந்தை பெரியார் பெயரிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்று. பத்தாவது தேறிய பிள்ளை பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்து டிப்ளமோ வாங்கினால், பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாமாண்டில் சேரலாம், மூன்றாண்டில் பி.இ. பட்டம். பத்தும் மூன்றும் மூன்றும் பதினாறு. பன்னிரண்டாவது முடித்து நான்காண்டு பொறியியல் படித்தவனுக்கும் அதே பதினாறுதான்! ஓராண்டும் நட்டமில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு முடித்தவனுக்கும் வழி உண்டு. பாலிடெக்னிக்கின் இரண்டாமாண்டில் சேரலாம். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிக்கும் பொறியியலின் இரண்டாமாண்டுக் கதவு உண்டு. ஸ்பானர் பிடித்த கை, படிப்படியாய் ஏறிப் பட்டம் பிடிக்கிற பாதை இது.

இது புதுமையுமல்ல. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்துவிட்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு மாறிப் பட்டம் பெற்றவர். கொள்கையில் நமக்கும் அவருக்கும் காத தூரம். ஆனால் வேலூரில் தொடங்கிய மாணவன், கல்லூரி மாறி, ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, 1962 இல் குடியரசுத் தலைவராகவும் ஆக முடிந்ததே! சின்ன ஊர்க் கல்லூரியில் படித்த படிப்பைப் பெரிய ஊர்க் கல்லூரி மதித்தது, அதனால் முடிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. படிக்கட்டு என்றால் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். 2020 இல் தில்லி தந்த தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டோடு நின்றால் சான்றிதழ், இரண்டாண்டோடு நின்றால் டிப்ளமோ என்று வழிநெடுக வாசல் வைத்தது. "வெளியே போனவர் திரும்ப வரலாமே, கிரெடிட் ஏழாண்டுக்குச் சேமிப்பில் இருக்குமே!" என்கிறார்கள். கணக்கு அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் வட்டிக்காரன் நிற்கையில், ஓராண்டுச் சான்றிதழோடு தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்ட பெண்ணை, ஏழாண்டுக்குள் மீண்டும் வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைப்பது யார்? 1953 இல் ஆச்சாரியார் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். தமிழகம் கொதித்தது, 1954 இல் அத்திட்டம் குப்பைக்குப் போயிற்று. அந்தக் கதவு மூடியதை மறந்து, வேறு பெயரில் திறக்கும் கதவைப் பார்த்துக் கைதட்டலாமா? நாம் கேட்பது வெளியேறும் வாசலை அல்ல, மேலேறும் வாசலை!

ஆகவே நாம் கேட்பவை மூன்றே மூன்று.

ஒன்று: ஐ.டி.ஐ.யானாலும் பாலிடெக்னிக்கானாலும், பிள்ளை சேரும் நாளிலேயே, இந்தப் படிப்பு எந்தக் கல்லூரியின் எந்தப் பட்டத்தில் எந்த ஆண்டில் கொண்டு சேர்க்கும் என்பதை எழுத்தில் கொடுங்கள். கல்லூரிச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

இரண்டு: டிப்ளமோ முடித்து வருகிற பிள்ளை, இரண்டாமாண்டுக் கணிதத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் திணறுகிறான். அறிவில் குறைவில்லை, பழக்கத்தில்தான் குறைவு. சேர்வதற்கு முன் சில வாரம் இணைப்பு வகுப்பு நடத்துங்கள்.

மூன்று: மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் சென்னையில் இருக்கிறது. தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பும் அண்ணா பெயர் தாங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தோலோ ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளி ஆம்பூரில் இருக்கிறது! வேலை பார்க்கும் டிப்ளமோக்காரன் மாலையில் படித்துப் பட்டம் பெற, தோல் பட்டறைகள் உள்ள ஊர்களிலேயே வகுப்புத் திறவுங்கள்.

இப்போது அந்த ஆம்பூர்த் தோழருக்கு நம் விடை. அவசரப்பட்டுக் கடன் வாங்காதீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின்மீது 50 விழுக்காடு வரி போட்டதை மறந்துவிடாதீர்கள். அங்கே போடுகிற வரி இங்கே உங்கள் வேலையைத் தின்றால், கல்விக் கடனை யார் கட்டுவது? வண்ணத்தாள் நீட்டுகிறவனிடம் கேளுங்கள்: "என் மகனின் டிப்ளமோவில் எந்தெந்தப் பாடம் அங்கே செல்லும்? அந்தப் பல்கலைக்கழகத்தின் கையெழுத்தோடு கடிதம் எங்கே?" கடிதம் இல்லையென்றால் பணமும் இல்லை. கடிதம் இருந்தாலும், விசா தருவது கல்லூரியல்ல, அந்நாட்டு அரசு என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் பையன் வேலூரில் டிப்ளமோவை முடிக்கட்டும். நேரே இரண்டாமாண்டில் ஏறி, பி.இ. பட்டத்தை இங்கேயே, குறைந்த செலவில் வாங்கட்டும். பிறகு கடல் தாண்டட்டும்! ஆதிதிராவிட, பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுநிலையும் ஆய்வும் படிக்கத் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் வகுத்தது. அப்படிப்பட்ட கதவுகள் பட்டதாரிக்கே திறக்கும். பாதியில் நிற்பவனுக்குத் திறக்கா.

கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரமே உங்கள் படிப்பகத்துக் கரும்பலகையில் எழுதுங்கள்: ஐ.டி.ஐ. முடித்தால் எங்கே, டிப்ளமோ முடித்தால் எங்கே, விண்ணப்பம் எப்போது என்று. வேலை முடிந்து வரும் தாய் ஒருத்தி அதை நின்று படித்து, மகளை அழைத்து வந்து காட்டுவாளானால், அந்தக் கரும்பலகை நூறு மேடைக்குச் சமம்.

நம் கை தைத்த ஷூ, முன்கூட்டி எழுதிய பத்திரத்தோடு கடல் தாண்டுகிறது. நம் பிள்ளையும் பத்திரத்தோடு ஏறட்டும். கல்லூரிப் படியானாலும், கப்பல் படியானாலும்!