'அவுட்' இல்லாத பொங்கல் விளையாட்டுகள்... வாண்டுகளுக்கான 5 ஐடியாக்கள்!

போன வருடம் காணும் பொங்கல் அன்று, எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் குழந்தைகளுக்கு மியூசிக்கல் சேர் வைத்தோம். எல்.கே.ஜி படிக்கும் என் மகள் புதுப் பட்டுப் பாவாடையோடு துள்ளிக்கொண்டு ஓடினாள். முதல் சுற்றில் பாட்டு நின்றது. அவளுக்கு நாற்காலி கிடைக்கவில்லை. "நீ அவுட்டும்மா, ஓரமா வந்து நில்லு" என்று நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

"நான் நல்லாதானே ஓடினேன்? ஏம்மா என்னை மட்டும் வெளியே அனுப்பினே?" என்று கேட்டவள், அதன் பிறகு என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

அன்று இரவுதான் யோசித்தேன். கூட்டத்திலேயே ரொம்பச் சின்னக் குழந்தைக்குத்தான் விளையாட அதிக நேரம் தேவை. ஆனால், இப்படிப்பட்ட போட்டிகளில் அந்தக் குழந்தைதான் முதலில் வெளியேறுகிறது. மூன்று, நான்கு வயதில் தோல்வி என்றால் என்னவென்று புரியாது. 'என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்க' என்பது மட்டும்தான் புரியும்.

வெளியேற்றாமலும் விளையாடலாம் என்பதை, கனடாவைச் சேர்ந்த விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஆர்லிக் 1978-லேயே ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். நாற்காலிகள் குறையலாம், குழந்தைகள் குறையக் கூடாது என்பது அவருடைய வழி. அதையே நம் பொங்கலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் என்ன? 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கான ஐந்து விளையாட்டுகள் இதோ. இவற்றுக்குத் தேவையான எல்லாமே வீட்டிலேயே இருக்கின்றன.

1. பால் பொங்குது!

குழந்தைகள் வட்டமாகக் குத்த வைத்து உட்கார வேண்டும். நடுவில் ஒரு பானை இருப்பதாகப் பாவனை. பாட்டியோ தாத்தாவோ, "அடுப்பைப் பத்த வைச்சாச்சு... பால் ஊத்தியாச்சு... சூடாகுது..." என்று மெதுவாகச் சொல்லச் சொல்ல, குழந்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக எழ வேண்டும். "பொங்கிடுச்சு!" என்றதும் எல்லோரும் குதித்து "பொங்கலோ பொங்கல்!" என்று கத்த வேண்டும்.

நடுவில், "ஐயையோ, விறகு அணைஞ்சுபோச்சு!" என்றால் மறுபடியும் உட்கார வேண்டும். காத்திருக்கவும், காது கொடுத்துக் கேட்கவும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. முன்கூட்டியே குதிக்கிற வாண்டைத் திட்ட வேண்டாம். "உன் பானை சீக்கிரமே பொங்கிடுச்சே" என்று சிரித்தால் போதும்.

2. எல்லோருக்கும் இடம் உண்டு

மியூசிக்கல் சேருக்குப் பதிலாக ஒரு பெரிய பாயையோ ஜமுக்காளத்தையோ விரித்துவிடுங்கள். பாட்டு ஓடும்போது பாயைச் சுற்றி ஆட வேண்டும். நின்றதும் எல்லோரும் பாயில் ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மடிப்பு மடித்துச் சிறிதாக்குங்கள். கடைசியில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ரொம்பவும் சிறிதாக்கினால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

3. மாட்டு வண்டி

பழைய புடவை ஒன்றை நீளமாக முறுக்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் அதன் இரண்டு பக்கமும் வரிசையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்கும் இருவர் காளைகள். "ஹை ஹை" என்றால் நடக்க வேண்டும். "மேடு வருது" என்றால் காலைத் தூக்கி வைக்க வேண்டும். "சேறு" என்றால் மெதுவாக நடக்க வேண்டும். "ஹோய்" என்றால் நிற்க வேண்டும். காளைகளை அடிக்கடி மாற்றுங்கள். புடவையைக் கையால் பிடிக்க மட்டும்தான் வேண்டும். இடுப்பிலோ கழுத்திலோ சுற்றவோ கட்டவோ கூடாது.

4. கரும்பு அறுவடை

பழைய செய்தித்தாள்களைச் சுருட்டி ஒட்டினால் கரும்பு தயார். நிஜக் கரும்பின் தோகை கையைக் கிழித்துவிடும், அது வேண்டாம். 20 'கரும்புகளை' ஹாலின் ஒரு பக்கம் பரப்பிவிட்டு, மறுபக்கம் ஒரு கூடையை வையுங்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லாக் கரும்பும் கூடைக்கு வந்துவிட வேண்டும். யார் எத்தனை எடுத்தார்கள் என்ற கணக்கு வேண்டாம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, 'ஒண்ணு, ரெண்டு, மூணு...' என்று எண்ணட்டும்.

5. குட்டி உறியடி

கண்ணைக் கட்டுவது பல குழந்தைகளுக்குப் பயமாக இருக்கும். கையில் கம்பைக் கொடுத்தால் நமக்குப் பயம். அதனால், அட்டைப் பெட்டி ஒன்றின் அடிப்பக்கத்தைத் திறந்து மூடும்படி வெட்டி லேசாக ஒட்டுங்கள். அதில் நிறைய ரிப்பன்களை ஒட்டித் தொங்கவிடுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரம் போதும். ஆளுக்கு ஒரு ரிப்பனைப் பிடித்து, "மூணு" என்றதும் எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும். பெட்டி திறந்து சாமந்தி இதழ்களும் வண்ணக் காகிதங்களும் கொட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கவனம்... கவனம்!

* பெரியவர்கள் பல்லாங்குழி ஆடிய சோழி, புளியங்கொட்டை எதுவும் சின்னக் குழந்தைகள் கையில் சிக்கக் கூடாது. மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்வார்கள்.
* முழு வேர்க்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். ஓடி ஆடும்போது எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.
* ஊதாத பலூன், வெடித்த பலூன் துண்டு இரண்டுமே ஆபத்து. உடனே அப்புறப்படுத்துங்கள்.
* டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்கும். வெறுங்கால்தான் நல்லது.
* மொட்டை மாடியைவிட ஹாலோ முற்றமோ பாதுகாப்பானது. இரண்டு பெரியவர்களாவது கூடவே இருங்கள்.
* மொத்தமாக 20 நிமிடம் போதும். பசி, தூக்க நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். சிணுங்கல் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.
* பரிசு கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள்.

விளையாட மறுத்தால்?

எந்தக் கூட்டத்திலும் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும் குழந்தை ஒன்று இருக்கும். "போடா, எல்லாரும் விளையாடுறாங்கல்ல" என்று தள்ள வேண்டாம். அமெரிக்காவில் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைக் கவனித்து, மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் கூடி விளையாடும் விதங்களை வகைப்படுத்தியிருக்கிறார். வேடிக்கை பார்ப்பதும் அதில் ஒரு வகை. பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. தட்டில் கரண்டியால் தாளம் போடும் வேலையை அந்தக் குழந்தைக்குக் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே வட்டத்துக்குள் வந்துவிடலாம். வராவிட்டாலும் பரவாயில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, இந்தப் பாய் விளையாட்டை ஒத்திகை பார்த்தோம். ஏழு வாண்டுகள், ஒரு கோரைப் பாய். நாலாவது மடிப்பில் பாட்டை நிறுத்தியபோது, என் தங்கையின் மூன்று வயது மகன் மட்டும் பாய்க்கு வெளியே திருதிருவென விழித்துக்கொண்டு நின்றான். என் மகள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, ஓடி வா... இங்க இடம் இருக்கு!"