வலியில்லாமல் வளரும் தாடைக் கட்டி



வலிக்காத பல்லுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்? கல்வராயன் மலையிலிருந்து சின்னசேலத்துக்குப் பஸ் ஏறி வருகிறவர்களை நாங்கள் குறை சொல்வதில்லை. ஆனால் ஞானப்பல்லைச் சுற்றி உண்டாகும் நீர்க்கட்டி வலியில்லாமலேதான் வளருகிறது.

ஞானப்பல் முளைக்கத் தாடையில் இடம் போதாவிட்டால் எலும்புக்குள்ளேயே சாய்ந்து கிடக்கும். முளைக்காத பல்லின் தலையை ஒரு மெல்லிய பை மூடியிருக்கும். எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும், அந்தப் பைக்கும் பல்லுக்கும் நடுவே நீர் சேருகிறது. சேர்ந்த நீர் சுற்றியுள்ள திசுவிலிருந்து மேலும் நீரை இழுக்கும். அந்த அழுத்தத்தில் எலும்பு சிறுகச் சிறுகக் கரையும். பெரும்பாலும் இது வருடக்கணக்கில் நடப்பது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே மட்டுமே காட்டும். முற்றினால் எலும்பு முட்டை ஓடுபோல் மெலிந்துவிடும். லேசான அடியிலும் தாடை முறியலாம். சீழ் பிடித்த பிறகே பலருக்கு வலி தெரியும்.

2019-இல் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவனின் தாடையிலிருந்து 526 சிறு பற்கள் அடங்கிய பையை எடுத்தார்கள். அது வேறு வகைக் கட்டி. ஆயினும் வீக்கம் 3 வயதிலேயே தெரிந்திருந்தது.

சிறிய நீர்க்கட்டியைப் பல்லோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். மிகப் பெரியதானால் வாய்க்குள் ஒரு திறப்பு வைத்து நீரை வடியவிடுவதுண்டு. கட்டி சுருங்கி எலும்பு வளரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை நோயாளி திரும்பத் திரும்ப வரவேண்டும். மலைவாசிக்கு அது எத்தனை பஸ் பயணம்! எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வேறு தாடைக் கட்டிகளும் எக்ஸ்ரேயில் இப்படியே தெரியக்கூடும்.