கடலடிப் பயணம் – 11: படகிலா, தீவிலா?

மாலத்தீவின் தெற்கே, நிலநடுக்கோட்டைச் சற்றே தாண்டினால் ஃபுவாமுலா என்ற தீவு வரும். மற்ற இடங்களில் பவழத்திட்டு வளையமாகச் சூழ்ந்து, நடுவே அமைதியான நீர்ப்பரப்பு இருக்கும். ஃபுவாமுலாவுக்கு அந்த வளையம் கிடையாது. ஆழ்கடலிலிருந்து தன்னந்தனியாக எழுந்து நிற்கும் ஒற்றைத் தீவு அது. அங்குள்ள மீனவர்கள் சூரை மீனை அறுத்துக் கழிவைத் துறைமுக வாயிலில் கொட்டி வந்தார்கள். அந்த வாடைக்குப் புலிச்சுறாக்கள் வரத் தொடங்கின. இன்று அவற்றைப் பார்ப்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து ஸ்கூபா டைவர்கள் வந்து இறங்குகிறார்கள்.

இதற்குப் பெரிய கப்பல் ஏற்பாடு எதுவும் தேவையில்லை. விருந்தினர் இல்லத்தில் தங்கி, காலையில் சிறு படகில் ஏறிச் சில நிமிடம் போனால் போதும். மூழ்கி, பார்த்து, திரும்பி வந்து சூடாகச் சாப்பிட்டுத் தூங்கலாம். சுறா அங்கேயே தேடி வருகிறது; எனவே டைவர் இடம் மாற வேண்டியதில்லை.

ஆனைத்திருக்கை விஷயம் வேறு. மான்டா என்று டைவர்கள் சொல்லும் அந்தப் பெரிய திருக்கை, மிதவை உயிரிகள் திரளும் பக்கம் போகும். அந்தத் திரளை நீரோட்டம் நகர்த்துகிறது, நீரோட்டத்தைப் பருவக்காற்று திருப்புகிறது. வடகிழக்குப் பருவத்தில் தீவுக் கூட்டங்களின் மேற்குப் பக்கமும், தென்மேற்குப் பருவத்தில் கிழக்குப் பக்கமும் திருக்கைகளுக்கு உணவுக் களமாகும். சுறாக்கள் நிற்கும் தெளிந்த நீர் இதற்கு எதிர்ப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்க ஆசைப்படுபவர் ஒரே தீவில் உட்கார்ந்திருக்க முடியாது. படகிலேயே தங்கி, படகிலேயே உண்டு, இரவோடு இரவாக இடம் மாறும் ‘லிவ்அபோர்டு’ பயணம் இந்தத் தேவைக்கு ஏற்றது. மாலத்தீவில் இதைச் சஃபாரி படகு என்பார்கள்.

பெரும்பாலும் தலைநகர் மாலேயை ஒட்டிய ஹுல்ஹுமாலேயிலிருந்து புறப்படும் இந்தப் படகுகளில் பயணம் ஏழு இரவுகள். உறங்கவும் உண்ணவும் ஒரு பெரிய படகு. சிலிண்டர்களையும் காற்று நிரப்பும் கம்ப்ரஸரையும் சுமந்துகொண்டு கூடவே வரும் இன்னொரு சிறு படகு. அந்தச் சிறு படகை மாலத்தீவு மக்கள் ‘தோணி’ என்றே சொல்கிறார்கள். நம் காதுக்கு உறவுக்காரச் சொல். விடியற்காலை ஒன்று, முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று என்று நாளுக்கு மூன்று டைவ். சில நாள் இரவில் நான்காவதும் உண்டு. வாவு தீவுக்கூட்டத்தின் அலிமதா படகுத்துறைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில் செவிலிச்சுறாக்கள் டைவரை உரசிக்கொண்டு போவது அப்படி ஓர் இரவில்தான்.

கேட்க இனிக்கிறது. உடம்பும் ஈடுகொடுக்க வேண்டுமே. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் திசுக்களில் கரைகிறது. டைவுக்கு டைவ் அது சேருகிறது. 21 சதவீத ஆக்சிஜனுக்குப் பதில் 32 சதவீதம் கலந்த ‘நைட்ராக்ஸ்’ வாயுவை இந்தப் படகுகளில் பலரும் விரும்புவது, கரையும் நைட்ரஜன் அதில் குறைவு என்பதால்தான். பல நாள் தொடர்ந்து மூழ்கியவர், கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. அதனால் படகின் கடைசி நாள் மூழ்காமலே கழியும். இதைக் கணக்கில் எடுக்காமல் டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு.

நீரோட்டமும் சாதாரணமானதல்ல. மன்னார் வளைகுடா மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் கடலடித் திட்டுகள் மாலத்தீவில் ‘திலா’. அவற்றின் விளிம்பிலும் தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களிலும் தண்ணீர் ஆற்று வெள்ளம்போல் ஓடும். பாறையில் கொக்கி மாட்டிக்கொண்டு நின்று சுறாவைப் பார்க்கும் இடங்கள் அவை. முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கும்தான். ஆகவே பல சஃபாரி படகுகள் அடுத்த நிலைச் சான்றிதழையும், முப்பது, ஐம்பது டைவ் அனுபவத்தையும் கேட்கின்றன. அப்படிக் கேட்கும் படகே நல்ல படகு.

புதியவருக்குத் தீவுதான் ஏற்றது. காது அடைத்தால் ஒரு நாள் ஓய்வெடுக்கலாம், கடல் ஒவ்வாமல் வாந்தி வந்தால் மணலில் படுக்கலாம். மூழ்காத மனைவியோ குழந்தையோ கூட வந்தால் அவர்களுக்கும் பொழுது போகும். திகுரா தீவில் தங்கினால், தென் ஆரி தீவுக்கூட்டத்தின் திமிங்கிலச் சுறாக்களைத் தேடி அன்றாடம் போய்வரலாம். அந்தக் கடற்பகுதி 2009 முதல் பாதுகாக்கப்படுகிறது, அங்கே அவை ஆண்டு முழுவதும் தென்படுகின்றன. மான்டாக்கள் கூட்டமாக மேயும் பா தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபாவுக்கே தடை. படகுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அங்கே மூச்சுக்குழாயோடு மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் வசதியைப் பற்றிய பேச்சு. இனி உயிரைப் பற்றியது.

2019 செப்டம்பர் 2, கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு விடியுமுன் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் இறந்தார்கள். அந்தத் தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுமே தீ எரிந்த அதே கூடத்தில்தான் போய்த் திறந்தன. இரவுக் காவலுக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை. மேல்தளத்தில் தூங்கிய ஐந்து ஊழியர்கள் தப்பினார்கள். காவல் வைக்காத தலைமை மாலுமி 2023-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2024 நவம்பர் 25 அன்று எகிப்தின் மார்சா ஆலம் கடலில் ‘சீ ஸ்டோரி’ படகு கவிழ்ந்து மூழ்கியது. அறைகளில் சிக்கிய சிலரை ஒரு நாளுக்கும் மேல் கழித்தே உயிரோடு மீட்க முடிந்தது.

விடுதியில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் அந்தத் தெரு இல்லை.

ஐம்பது டைவ் முடித்தவர்கள் தாராளமாகப் படகேறலாம். மாலத்தீவின் கால்வாய்களைக் காண அதைவிடச் சிறந்த வழியில்லை. ஆனால் முன்பணம் அனுப்பும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இரவு முழுக்க விழித்திருந்து சுற்றிவருபவர் யார்? உறங்கும் தளத்திலிருந்து வெவ்வேறு இடங்களுக்குத் திறக்கும் இரண்டு வழிகள் உண்டா? கேமரா, விளக்கு பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்கிறார்கள், அப்போது பக்கத்தில் ஆள் இருப்பாரா? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தை அனுப்பாதீர்கள். ஃபுவாமுலாவின் புலிச்சுறாக்கள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கின்றன.

(தொடரும்)