ராத்திரி இரைப்பும் பால் கணக்கு நோட்டும்

எங்கள் கடைக்குட்டிக்கு ஏழு வயது. பகலெல்லாம் பம்பரமாய்ச் சுற்றுவான். ராத்திரி இரண்டு மணியானால் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, மூச்சு விட முடியலே" என்பான். நெஞ்சில் விசில் அடிப்பது போல் சத்தம். மூன்று நாள் மருந்தில் அடங்கும், பத்து நாளில் திரும்ப வரும். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ரத்தமும் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாய்த்தான் இருந்தது. "திருஷ்டிதான், சுத்திப் போடும்மா" என்றார் மாமியார். அதையும் செய்தேன், பொய் சொல்வானேன்!

நாங்கள் இருப்பது அத்திப்பட்டில். சுற்றிலும் ஆலைகள், ஓயாத லாரிகள். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி, இதே ரயில் பாதையில் உள்ள திருவொற்றியூரில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏதோ நெடி தாங்காமல் மூச்சுத் திணறி மயங்கினார்கள். நவம்பர் 4-ஆம் தேதி பள்ளி திறந்ததும் மறுபடியும் அதே கதை. காரணம் இன்னதென்று உடனே யாராலும் சொல்ல முடியவில்லை. அதைக் கேட்டதிலிருந்து, என் பிள்ளைக்கும் வெளிக்காற்றுதான் எமன் என்று முடிவு கட்டி, ஜன்னலை எல்லாம் இறுக மூடிவிட்டேன்.

புதிதாகப் போய்ப் பார்த்த டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தெந்த தேதியில் வந்தது?" எனக்குத் தெரியவில்லை. அப்போது அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்பெயின் தேசத்தில் பார்சிலோனா என்று ஒரு துறைமுகப் பட்டணம். 1981 முதல் 1987 வரை அங்கே சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஆஸ்பத்திரிகளில் ஆஸ்துமாக்காரர்கள் கும்பலாய் வந்து விழுவார்களாம். மறுநாள் ஒன்றுமிருக்காது. காரணம் புரியாமல் திகைத்த மருத்துவர்கள், அந்தத் தேதிகளைத் துறைமுகக் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். 1985, 86-இல் அப்படிப்பட்ட நாட்கள் 13. அந்த 13 நாளும் கப்பலிலிருந்து சோயா மொச்சை இறக்கிய நாட்கள்! தானியக் கிடங்கிலிருந்து பறந்த சோயாத் தூசிதான் குற்றவாளி. கிடங்குக்குத் தூசி வடிகட்டி போட்டதும் நின்றது.

வீட்டுக்கு வந்து பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். தேதி, நேரம், அன்றைய சமையல், காற்று, சாம்பிராணி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் இரண்டு மாதம் எழுதினேன். "பரீட்சையா எழுதறே?" என்று இவர் கேலி செய்தார்.

படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ராத்திரி இரைப்பு வந்த நாளெல்லாம், ஜன்னலை மூடிக் கொசுவர்த்திச் சுருள் கொளுத்திய நாட்கள். ஆரணியில் என் அக்கா வீட்டில் கொசுவலைக்குள் படுத்த எட்டு நாளும் ஒன்றுமில்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். பிள்ளையின் தலைமாட்டிலேயே வைத்திருந்தேனே!

இப்போது கொசுவலைதான். வீட்டை ஈரத்துணியால் துடைக்கிறேன், சாம்பிராணியை நிறுத்திவிட்டேன்.

பம்ப் மருந்து என்றால் நம்மில் பலருக்குப் பயம், பழகிவிடும் என்று. அப்படியில்லை. இரைப்பைத் தணிக்கும் சால்பியூட்டமால் சிரப் ஒரு டீஸ்பூனில் 2 மில்லிகிராம் மருந்து. பம்பில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது அதில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. குழந்தையின் விலா எலும்பு உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நோட்டைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வெளிக்காற்று நிரபராதி என்று நான் சொல்லவில்லை. போன மாதம் நோட்டில் மூன்றே வரிகள். மூன்றும் பகல் நேரம், வலை கட்டிய வீட்டில், தரையில் கையை வைத்தால் நறநறவென்று தூசி ஒட்டிய நாட்கள். டாக்டரம்மா அந்த மூன்று தேதிகளையும் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் இப்போது ஒரு நோட்டு வாங்கியிருக்கிறாள்.