மணி அடிக்காத பள்ளி: ஏ.டி.எச்.டி. குழந்தைக்கு வீட்டில் பாடம்

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு – மிகையியக்கக் குறைபாடு உள்ள குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கும் முடிவு, பெரும்பாலும் கல்விக் கொள்கையால் பிறப்பதில்லை. டைரியில் தினமும் ஒரு புகார், இரண்டாவது பள்ளியும் 'வேறு இடம் பாருங்கள்' என்று கைவிரிப்பது, காலையில் சீருடையைப் பார்த்ததும் பிள்ளைக்கு வரும் வயிற்றுவலி என ஒவ்வொன்றாகச் சேர்ந்து பெற்றோரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன. அந்த முடிவு சில பிள்ளைகளுக்கு நன்றாகப் பலிக்கிறது. சிலருக்கு ஆறே மாதத்தில் வீடு, பள்ளியைவிட மோசமான போர்க்களமாகிறது. ஏன் இப்படி என்பதற்கான விடை, இந்தக் குறைபாட்டின் தன்மையிலேயே இருக்கிறது.

'வாலு', 'அடங்காப்பிடாரி', 'புத்தி இருக்கு, ஆனா உட்காரமாட்டான்' என்று வீடுகளில் சொல்லப்படுவதெல்லாம் ஏ.டி.எச்.டி. ஆகிவிடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 வரையறைப்படி, கவனக்குறைவு சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ, மிகையியக்கமும் அவசரப்போக்கும் சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ குறைந்தது ஆறு, ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அவை காணப்பட வேண்டும். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான கணக்கு, ஏறக்குறைய 5 விழுக்காடு குழந்தைகளுக்கு இது இருப்பதாகச் சொன்னது. கோவைத் தொடக்கப் பள்ளிகளில் 770 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில் கிடைத்த எண் 11.32 விழுக்காடு. அளக்கும் கருவியும் முறையும் மாறும்போது எண்ணும் மாறுகிறது என்பதற்கு இதுவே சான்று. துள்ளாமல், சத்தம் போடாமல், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கனவில் இருக்கும் பிள்ளைக்கும் இக்குறைபாடு இருக்கலாம். பெண் குழந்தைகள் பலர் கணக்கில் வராமல் போவது இதனால்தான்.

'இரண்டு இடங்கள்' என்ற நிபந்தனையைப் பெற்றோர் கூர்ந்து கவனிக்க வேண்டும். தொல்லை பள்ளியில் மட்டும்தான் என்றால், காரணம் வேறாக இருக்கலாம்: கண் பார்வை, காது, டிஸ்லெக்சியா, யாரோ செய்யும் கேலி, அல்லது அந்தப் பள்ளியே. பிள்ளையை நிறுத்திய பிறகு மருத்துவரிடம் போனால், ஆசிரியர் நிரப்பித் தர வேண்டிய படிவத்துக்கு ஆசிரியரே இருக்கமாட்டார். ஆகவே மதிப்பீடு முதலில், மாற்றுச் சான்றிதழ் அப்புறம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. அதன்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் மதிப்பீடு பெறலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

இக்குறைபாட்டைக் கவனப் பற்றாக்குறை என்று அழைப்பதே பாதித் தவறு. மணிக்கணக்கில் லெகோ அடுக்கும் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று எப்படிச் சொல்வது? கவனம் இருக்கிறது, வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்தில் அதைத் திருப்பும் ஆட்சிதான் தளர்ந்திருக்கிறது. திட்டமிடுதல், தொடங்குதல், நிறுத்துதல், சொன்னதை மனத்தில் ஏந்திக்கொண்டே வேலை செய்தல் ஆகிய மேலாண்மைத் திறன்கள் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தவை. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட மூளைப் படங்கள், இக்குழந்தைகளின் மூளைப் புறணி சராசரியாக மூன்று ஆண்டுகள் தாமதித்து முதிர்வதைக் காட்டின. மற்ற குழந்தைகளுக்குப் புறணியின் தடிமன் ஏழரை வயதில் உச்சத்தைத் தொட, இவர்களுக்கு அது பத்தரை வயதில் நிகழ்ந்தது. முன்பகுதியில் தாமதம் மிகுதி. உடலை அசைக்கும் பகுதி மட்டும் சற்று முந்தியே முதிர்ந்திருந்தது. ஓடச்சொல்லும் பகுதி வளர்ந்துவிட்டது, நிறுத்தச்சொல்லும் பகுதி இன்னும் வளரவில்லை என்று இதைப் பாமரமாகச் சொல்லலாம். உளவியலாளர் ரஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவதும் இதை ஒட்டியதே: இது அறிவின் குறை அல்ல, அறிந்ததைச் செய்யும் திறனின் குறை. பத்து வயதுப் பிள்ளையிடம் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் திறனை எதிர்பார்க்கும்போது, ஏழு வயதை மனத்தில் கொள்வது நியாயம்.

இதிலிருந்து பள்ளியைப் பார்த்தால் இரண்டு முகங்கள் தெரியும். நாற்பது பேர், நாற்பது நிமிடம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, அசையாமல் உட்காருவது: இவை அத்தனையும் இப்பிள்ளையின் பலவீனத்தை நேராகத் தாக்குபவை. ஆனால் அதே பள்ளிதான் மணி அடிக்கிறது; அட்டவணை போடுகிறது; இப்போது தமிழ், அடுத்து கணக்கு என்று சொல்கிறது; பக்கத்தில் உட்கார்ந்து எழுதும் இன்னொரு பிள்ளையைக் கண்முன் வைக்கிறது. பிள்ளைக்குள் இல்லாத ஒழுங்கை வெளியிலிருந்து தருவது பள்ளிதான். வீட்டுக்கு வரும்போது முட்கள் போகின்றன, கூடவே அந்த முட்டுக்கொம்பும் போய்விடுகிறது. 'அவன் போக்கில் விட்டால் தானாகக் கற்பான்' என்னும் வாதம் மற்ற பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்தினாலும், ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு அப்படியே பொருந்துவதில்லை. அவனுக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு. வெறும் சுதந்திரம் அவனைத் தத்தளிக்கவே விடும்.

கண்ணுக்குத் தெரியும் என்பதில்தான் சூட்சுமம். இப்பிள்ளைகளுக்குக் காலம் கண்ணில் படுவதில்லை. 'இன்னும் பத்து நிமிஷம்' என்பது வெறும் சத்தம். மணற்கடிகாரம், முள் நகர்வது தெரியும் சுவர்க் கடிகாரம், சமையலறை டைமர் என்று எதுவானாலும் நேரம் கரைவது தெரிய வேண்டும். அன்றைய வேலைகள் படமாகவோ எழுத்தாகவோ சுவரில் இருக்க வேண்டும். முடித்ததைப் பிள்ளையே அடித்துவிட வேண்டும். ஒரு பாட அமர்வு பத்து முதல் பதினைந்து நிமிடம். அதன்பின் உடம்புக்கு வேலை: மாடிப்படி ஏறி இறங்குவது, கயிறு தாண்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. இதைச் சலுகை என்று எண்ணிக் குறும்பு செய்த நாளில் பிடுங்குவது பெரும் பிழை. ஓட்டம் இல்லாத நாளில்தான் குறும்பு கூடுகிறது.

ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. 'கைகழுவிட்டு, கணக்கு நோட்டை எடுத்துட்டு, ஐம்பத்திரண்டாம் பக்கத்தைத் திற' என்பதில் மூன்று கட்டளைகள். முதலாவதோடு பிள்ளை தண்ணீரில் விளையாடிக்கொண்டிருப்பான். அது கீழ்ப்படியாமை அல்ல, செயல் நினைவின் கொள்ளளவு அவ்வளவுதான். பாராட்டும் வெகுமதியும் உடனுக்குடன் கிடைக்க வேண்டும். 'வருஷக் கடைசியில் சைக்கிள்' என்பது இந்த மூளைக்கு அடுத்த பிறவி மாதிரி. இப்போது ஐந்து கணக்கு, உடனே இரண்டு சுற்றுப் பந்து விளையாட்டு என்பது வேலை செய்யும்.

பாடத்தைப் பொறுத்தவரை, இருபது கணக்கு போடுவதால் வரும் பயன் பெரும்பாலும் ஆறிலேயே வந்துவிடுகிறது. மீதிப் பதினான்கு, வெறுப்பைத்தான் வளர்க்கும். எண்கள் நெடுவரிசையில் நழுவாமலிருக்கக் கட்டம் போட்ட நோட்டு உதவும். எழுதும் வேகம் சிந்தனைக்கு ஈடுகொடுக்காதபோது விடையை வாயால் சொல்லவிடலாம். ஆனால் எழுத்தையே கைவிடுவது ஆபத்து, ஏனெனில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத்தில்தான் நடக்கும். நாள்தோறும் சில வரிகளாவது கையால் எழுதும் பழக்கம் நிற்க வேண்டும். படிப்பதில் மட்டும் தனியாகத் தடுமாற்றம் இருந்தால் அதைக் கவனக்குறைவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் பலருக்கு வாசிப்பிலோ கணக்கிலோ தனிக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வீட்டுவழிக் கல்வி என்ற பெயரில் நாள் முழுவதும் டேப்லெட்டில் காணொளி ஓடவிடுவதோ, பள்ளி அட்டவணையையே எட்டு மணிநேரம் வீட்டில் நடத்துவதோ ஒரே அளவு தவறு. ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்தால், தொடக்க வகுப்புப் பாடத்துக்கு இரண்டு, மூன்று மணிநேரம் போதும்.

பெற்றோர் தரப்பில் ஒரு சிக்கல் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. இரட்டையர் ஆய்வுகள் ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கை ஏறக்குறைய 74 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன. அதாவது, அட்டவணை போட்டு அதைக் காக்க வேண்டிய தாய்க்கோ தந்தைக்கோ அதே குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம். கண்டறியப்படாமலேயே அவர்கள் நாற்பதைத் தொட்டிருப்பார்கள். நம் வீடுகளில் வேலையை விட்டு உட்காருவது பெரும்பாலும் அம்மாதான் என்பதால் சோர்வும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. கற்பிப்பவரே அதட்டுபவர், சோறூட்டுபவரே தேர்வு வைப்பவர் என்றாகும்போது, பிள்ளைக்குத் தஞ்சம் புக வேறு மடி இருப்பதில்லை. கணக்கைச் சித்தப்பாவிடமோ, அறிவியலை ஒரு டியூஷன் ஆசிரியரிடமோ கொடுத்துவிடும் குடும்பங்கள் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கின்றன.

வீட்டுவழிக் கல்வி மருத்துவத்துக்கு மாற்று அல்ல. ஏ.டி.எச்.டி. சிகிச்சைகளை ஒப்பிட்டு 1999-இல் வெளியான எம்.டி.ஏ. ஆய்வில் ஏழு முதல் ஒன்பது வயதுவரையிலான 579 குழந்தைகள் 14 மாதங்கள் கவனிக்கப்பட்டனர். நன்கு கண்காணித்து மருந்து கொடுக்கப்பட்டவர்களிடமும், மருந்தோடு நடத்தைப் பயிற்சியும் பெற்றவர்களிடமும் முதன்மை அறிகுறிகள் தெளிவாகக் குறைந்தன. சிறு குழந்தைகளுக்கோ வரிசை வேறு. 2019-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்க வழிகாட்டுதல், பள்ளிப் பருவத்துக்கு முந்தையவர்களுக்குப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது. அது பசியைக் குறைக்கும் என்பதால் காலை உணவை மருந்துக்கு முன்பே கொடுத்துவிடுவது வழக்கம். எடையும் உயரமும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். வீட்டில் இருப்பதால் மருந்து தேவைப்படாமல் போகலாம், போகாமலும் இருக்கலாம். அது மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

சட்டம் தெளிவாக இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயதுவரையிலான பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுவழிக் கல்வியை வெளிப்படையாகத் தடுக்கவுமில்லை, பொதுவாக அனுமதிக்கவுமில்லை. 2012-இன் திருத்தம் பல்வகை ஊனமும் கடும் ஊனமும் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் வீடுசார் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது, ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளை அதில் அடங்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளிலும் ஏ.டி.எச்.டி. பெயர் சொல்லப்படவில்லை; குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அதற்கான சான்றிதழைப் பெற்றுவைப்பது, தேர்வில் கூடுதல் நேரம் கேட்க உதவும். தமிழ்நாட்டில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடப்பதால், நிறுத்தப்பட்ட பிள்ளையின் வீட்டைத் தேடி ஆசிரியப் பயிற்றுநர் வரக்கூடும். கதவைச் சாத்துவதைவிட மதிப்பீட்டு அறிக்கையையும் பாடக் குறிப்புகளையும் காட்டுவது நல்லது.

சான்றிதழுக்கு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-இல் தொடங்கிய இது, 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஐந்து பாடங்கள் தேர்ச்சி பெற்றால் சான்றிதழ். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை, இரண்டு பாடம் இப்போது, ஒன்று அடுத்து என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் ஐந்தைச் சுமக்க முடியாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வுமுறை இந்தியாவில் அரிது. மாநில அரசின் தனித்தேர்வர் வழியும் இருக்கிறது. எந்தச் சான்றிதழ் எந்தப் படிப்புக்கும் வேலைக்கும் செல்லும் என்பதற்கான விதிகள் மாறிவருபவை. பதிவு செய்யும் முன் அன்றைய அரசாணையைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

தோழமைதான் வீட்டால் தர முடியாத ஒன்று. வரிசையில் நிற்பது, தோற்பது, குறுக்கே பேசாமல் காத்திருப்பது ஆகியவற்றை அம்மாவிடம் கற்க முடியாது. இப்பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுவதும் அவையே. சிலம்பம், நீச்சல், பறை, தெருமுனைக் கிரிக்கெட் என்று வாரத்தில் சில நாட்களாவது பிற பிள்ளைகளோடு இருக்கும் ஏற்பாடு, பாட அட்டவணையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்.

வீட்டில் படிக்கவைப்பது நிரந்தர முடிவாகவும் இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்து, உடைந்த நம்பிக்கை தேறி, சிறிய வகுப்புள்ள பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. 6 முதல் 14 வயதுக்குள் திரும்பும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு.