தாடைத் தசைநோவும் ஒற்றைத் தலையிடியும்: பெண்களின் வேதனை பற்றிய ஒரு நோக்கு

ஒற்றைத் தலையிடி, பூப்புப் பருவத்துக்கு முன்னர் இருபாலாரிடத்தும் ஏறத்தாழ ஒரே அளவிற் காணப்படுவது. அதன் பின்னர் ஆண்களிலும் பெண்களிடத்து இரண்டு, மூன்று மடங்காகிறது. தாடைத் தசைகளிலும் மூட்டிலும் எழும் நோவும் பெண்களிடத்தே மிகுதி. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுதல் தற்செயலன்று. ஆயினும் முன்னதை நரம்பியல் வைத்தியரும் பின்னதைப் பல் வைத்தியரும் பங்கிட்டுக்கொண்டமையால், இத்தொடர்பு நெடுங்காலம் உரிய கவனத்தைப் பெறவில்லை.

உடலோ இப்பாகுபாட்டை அறியாது. ஐந்தாம் மண்டையோட்டு நரம்பு மூன்று கிளைகளையுடையது. அதன் மேற்கிளை மூளையுறையின் நோவை எடுத்துச் செல்கிறது. கீழ்க்கிளை மெல்லும் தசைகளைச் சார்ந்தது. இரண்டும் மூளைத்தண்டிலுள்ள ஒரே நரம்புக் கருவிற் சென்று கூடுகின்றன. இரவிற் பற்களை இறுகக் கடிப்பதனாலோ பிறிதொன்றாலோ தாடையிலிருந்து நோக்குறிகள் இடையறாது வருமாயின், அக்கரு மிகையுணர்ச்சி பெறலாம். தலையிடியும் அடிக்கடி எழலாம். மறுதலையாக, தலையிடியின்போது தாடைத் தசைகள் தொட்டாலே நோகும் நிலையை அடைவதும் உண்டு. எனவே இது ஒருவழிக் காரண காரியத் தொடர்பன்று. ஒன்றையொன்று வளர்க்கும் இயக்கமாகும். மாதவிடாயையொட்டி ஈத்திரசன் ஓமோன் குறைவது இவ்வியக்கத்தைத் தூண்டுங் காரணிகளுள் ஒன்று.

நோய் பற்றிய விளக்கங்களும் கருத்துநிலைச் சார்பிலிருந்து விடுபட்டவையல்ல. 1934 இல் அமெரிக்க வைத்தியரான ஜேம்ஸ் கொஸ்ரன், தாடை மூட்டு, காது, தலை ஆகியவற்றின் நோக்களுக்குக் கடைவாய்ப் பற்களின் இழப்பைக் காரணமாக்கினார். 1937 இல் ஹரோல்ட் வூல்ஃப், ஒற்றைத் தலையிடியைக் குறையின்மையை நாடும் ஒருவகை ஆளுமையோடு இணைத்தார். ஒருவர் வேதனையைப் பல்லுக்குள் அடக்கினார். மற்றவர் அதனைக் குணவியல்போடு பிணைத்தார். பின்னைய நோக்கே பெண்களுக்குப் பெருந்தீங்கு விளைத்தது எனலாம். நோயாளியின் முறைப்பாடு அவளுடைய சுபாவத்தின் வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டபோது, அவளது உழைப்பும் ஓய்வின்மையும் உறக்கக்குறைவும் விசாரணைக்கு உட்படாமற் போயின.

இரு நோக்களும் உடைய பெண்களிடையே பிரேசில் ஆய்வாளர் நடத்திய பரிசோதனையொன்று 2013 இல் வெளியாயிற்று. தலையிடித் தடுப்பு மருந்தும் பற்களுக்கிடையே அணியும் தகடும் ஒருங்கே அளிக்கப்பட்டவர்களே குறிப்பிடத்தக்க பயனடைந்தனர். முழுமையை நோக்கும் சிகிச்சையின் அவசியத்தை இது புலப்படுத்துகின்றது.

இதனால் பெண்ணின் வேதனையைச் சமூகக் காரணிகளுக்குள் மட்டும் ஒடுக்குதல் வேண்டுமென்பதில்லை; அதுவும் மற்றொரு குறுக்கல்வாதமே. நரம்பும் ஓமோனும் மெய்யானவை. அவை இயங்கும் உடலின் அன்றாட வாழ்வும் அவ்வாறே மெய்யானது. தலையிடி என்று வருபவளின் தாடையைத் தொட்டுப் பார்ப்பதும், அவள் எத்தனை மணிக்கு உறங்கி எழுகிறாள் என்று வினவுவதும் ஒரே விசாரணையின் இரு பகுதிகளாதல் வேண்டும்.