வெள்ளைப் பூவுக்குள் ஒரு வில்லன்

காலி மனைப் பக்கம் போகும்போது, இடுப்பளவு உயரத்தில், பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ பூத்து நிற்கும் ஒரு செடியைப் பார்த்திருக்கிறீர்களா? இலையைப் பார்த்தால் கேரட் இலை மாதிரியே இருக்கும். பார்க்க என்னவோ சாதுதான்!

அதுதான் பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு ஒட்டிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு மேய்ச்சல் நிலம், ரயில் பாதை ஓரம், நம்ம தெருமுனை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மாடு இதைத் தின்றால் பால் கசக்கும். நமக்கோ தோலில் அரிப்பு, மூக்கில் தும்மல், சிலருக்கு மூச்சுத்திணறல்கூட.

இந்தச் செடியை ஒழிக்கவென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை வரவழைத்து விட்டிருக்கிறார்கள். இலையை நன்றாகத்தான் மேய்கிறது, ஆனால் வண்டை மட்டும் நம்பினால் ஆகாது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போட்டுவிடுமே! அரிவாளால் வெட்டினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ வைப்பதற்கு முன்னால், வேரோடு பிடுங்குவதுதான் சரியான வழி. பயிர் இல்லாத இடமென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கல்லுப்பைக் கரைத்து, நல்ல வெயிலில் தெளிக்கலாம், செடி கருகிவிடும்.

ஒன்று மட்டும், வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லையா? ஒரு பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொண்டு பிடுங்குங்கள்.